மார்பில் கோத்த நீரைத் தேடிய வரலாறு

இரவிலே படுக்கையிற் சாய்ந்த சிறிது நேரத்துள் மூச்சுத் திணறி எழுந்து, சாளரத்தின் அருகே அமர்ந்தபடியே விடியும்வரை காத்திருக்கும் நோயாளியை உலகின் எல்லா மருத்துவ மரபுகளும் அறியும். பகற்பொழுதில் அவர் ஓரளவு நடமாடுவார். கால்கள் சற்று வீங்கியிருக்கும். படி ஏறினால் இளைக்கும். படுத்தாலோ, நீரில் மூழ்குபவரைப் போலத் தவிப்பார். இதனை வெறும் உவமை என்று தள்ளிவிடுதல் கூடாது. அவருடைய சுவாசப்பைகளில் உண்மையாகவே நீர் கோத்திருக்கின்றது. அந்த நீர் எங்கே இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது, மருந்தினால் அது குறைகின்றதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதற்கு வைத்திய உலகம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்துள்ளது. அம்முயற்சியின் வரலாறு, மனித அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பதற்கும், எவ்வாறு சில வேளைகளிற் கண்முன் இருப்பதைக் காணாது தவறிவிடுகின்றது என்பதற்கும் நல்லதொரு சான்றாகும்.

இருதயம் ஒரு பம்பி. அதன் வலப்பக்கம் உடலினின்று திரும்பிவரும் இரத்தத்தைச் சுவாசப்பைகளுக்கு அனுப்புகின்றது. இடப்பக்கம் சுவாசப்பைகளினின்று வரும் இரத்தத்தை உடல் முழுவதற்கும் செலுத்துகின்றது. இடப்பக்கம் வலுவிழந்தால், வந்த இரத்தத்தை அதனால் முற்றாக முன்னே தள்ள முடிவதில்லை. மதகு அடைபட்ட வாய்க்காலில் நீர் பின்னோக்கித் தேங்குவது போல, சுவாசப்பையின் நாளங்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகின்றது. அழுத்தம் ஏறவே, இரத்தத்தின் நீர்ப்பகுதி மயிர்த்துளைக் குழாய்களின் சுவரூடாகக் கசிந்து, முதலிற் காற்றறைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய இழையங்களில் ஊறுகின்றது. பின்னர் காற்றறைகளுக்குள்ளேயே புகுகின்றது. இதில் ஒரு நுட்பம் உண்டு. இழையங்களில் நீர் ஊறத் தொடங்கும்போது நோயாளிக்கு எந்தத் துன்பமும் தோன்றாமல் இருக்கலாம். மூச்சுத் திணறல் தோன்றும் நாளில் நீர் ஏற்கெனவே நிறைந்துவிட்டிருக்கும். ஆதலால், நோயாளி தவிக்கத் தொடங்குமுன் அந்த நீரைக் கண்டறிவதே வைத்தியரின் தேவை. சிறுநீர் பெருக்கும் மருந்தைக் குறைவாகக் கொடுத்தால் நீர் வடியாது. மிகையாகக் கொடுத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து சிறுநீரகங்கள் தளரும். அளவு தெரியாமல் இம்மருந்தைக் கொடுப்பது, இருட்டறையில் நின்று குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

இத்தேடலை முதன்முதலில் ஒரு முறையாக வகுத்தவர் ஒஸ்திரியா நாட்டு வைத்தியர் லெயோபோல்ட் ஔவென்புறுக்கர். 1722 ஆம் ஆண்டில் கிராஸ் நகரிற் பிறந்த அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாவின் புறத்தைத் தட்டி, உள்ளே எவ்வளவு மது எஞ்சியுள்ளது என்று ஒலியால் அறியும் வழக்கத்தை அவர் இளமையிலேயே கண்டிருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. வியன்னாவிலுள்ள ஸ்பானிய இராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றிய காலத்தில், நோயாளிகளின் மார்பை விரல் நுனியாற் தட்டி ஒலியைக் கவனித்தார். காற்று நிறைந்த இடம் மேளம் போல ஒலித்தது; நீர் நின்ற இடம் மந்தமாக ஒலித்தது. தாம் கேட்டதைச் சரிபார்ப்பதற்காக, இறந்தோரின் மார்புக்குள் நீரைச் செலுத்தி, தட்டும் ஒலி எவ்வாறு மாறுகின்றது என்றும் ஆராய்ந்தார். 1761 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு சிறு நூலாகத் தம் முடிவுகளை வெளியிட்டார். அக்கால வைத்திய உலகம் அந்நூலைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் வைத்தியராக விளங்கிய கோர்விசார் என்பவர் 1808 ஆம் ஆண்டில் அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து விரிவுரையும் எழுதிய பின்னரே அது புகழ்பெற்றது. அதற்கு அடுத்த ஆண்டு ஔவென்புறுக்கர் காலமானார். ஒரு நல்ல முறை பிறந்து பயன்பாட்டுக்கு வருவதற்கு நாற்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன.

கோர்விசாரின் மாணவருள் ஒருவர் லெனெக். 1816 ஆம் ஆண்டில் இருதய நோயின் குறிகள் கொண்ட இளம் பெண்ணொருத்தி அவரிடம் வந்தாள். அவள் பருத்த உடலினள் ஆதலால் மார்பைத் தட்டியும் பயன் கிட்டவில்லை; மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பதற்கு அவளுடைய வயதும் பெண்மையும் இடந்தரவில்லை. லெனெக் சில தாள்களைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதிலும் தெளிவாக இருதய ஒலி கேட்டது. இவ்வாறே மார்பொலி கேட்கும் குழல் பிறந்தது. 1819 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூல், சுவாசப்பையில் எழும் பலவகை ஒலிகளைப் பெயரிட்டு வகைப்படுத்தியது. நீர் கோத்த சுவாசப்பையில் உப்பு பொரிவது போன்ற நொறுங்கொலி எழுவதை வைத்திய உலகம் அவர் வழியாகவே கற்றது. மார்பு நோய்களை ஆராய்ந்த அப்பெரியார், மார்பு நோயாகிய காசத்தினாலேயே 1826 ஆம் ஆண்டில், நாற்பத்தைந்து வயதில் உயிர் நீத்தார்.

தட்டுவதும் கேட்பதும் இன்றும் வைத்திய மாணவரின் முதற் பாடங்களாகவே இருக்கின்றன. எனினும் அவற்றின் எல்லையை உணர்தல் வேண்டும். ஔவென்புறுக்கரின் விரல் கண்டறிந்தது பெரும்பாலும் சுவாசப்பைக்கு வெளியே, மார்புக்கூட்டில் தேங்கிய நீரை. லெனெக்கின் குழல் கேட்டது காற்றறைகளை எட்டிவிட்ட நீரின் ஒலியை. இவ்விரண்டுக்கும் முற்பட்ட நிலையில், இழையங்களில் அரும்பி ஊறும் நீர் ஒலி எழுப்புவதில்லை. அன்றியும், நொறுங்கொலி யாவும் நீரினால் எழுவனவும் அல்ல.

நோயை அறியும் முயற்சி இவ்வாறு நடக்க, நீரை வடிக்கும் முயற்சியும் தனி வழியே வளர்ந்தது. இங்கிலாந்தில் பேமிங்காம் நகர வைத்தியர் வில்லியம் விதறிங், உடல் வீங்கும் நோய்க்கு நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருத்தி கொடுத்து வந்த மூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதன் ஆற்றல் பொக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையிலே உள்ளது எனக் கண்டார். பத்தாண்டு அனுபவத்தை 1785 ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அம்மருந்து நஞ்சாகவும் மாறக்கூடியது. ஆகையால் அளவு பற்றி அவர் பலமுறை எச்சரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சதே என்னும் ஆங்கில வைத்தியர், வீங்கிய கால்களில் நுண்ணிய குழாய்களைச் செருகி நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார். 1919 ஆம் ஆண்டில் வியன்னாவில் அல்பிரட் வோகல் என்னும் மருத்துவ மாணவர், வேறொரு நோய்க்காகப் பாதரசம் சேர்ந்த ஊசி மருந்தைப் பெற்ற சிறுமி ஒருத்தி அளவுக்கு மீறிச் சிறுநீர் கழிப்பதைத் தாதியரின் பதிவேட்டிற் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்தே சிறுநீர் பெருக்கும் பாதரச மருந்துகள் தோன்றின. 1950களின் இறுதியில் அவற்றிலும் பாதுகாப்பான மாத்திரைகளும், 1960களில் புறூசமைட் என்னும் வலிய மருந்தும் வந்தன. நீரை வடிக்கும் ஆற்றல் இவ்வாறு வைத்தியரின் கைக்கு வந்தது. வடிக்க வேண்டிய அளவைக் காட்டும் அளவுகோல்தான் இன்னும் கிட்டவில்லை.

1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் றொன்ற்கன் என்னும் ஜேர்மனிய விஞ்ஞானி எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தபோது, உடலின் உட்புறம் கண்ணுக்குப் புலப்படும் காலம் பிறந்தது. சுவாசப்பையிற் கோத்த நீர் வெண்ணிழலாகப் படத்தில் விழுந்தது. பீற்றர் கேர்ளி என்னும் கதிர்ப்பட வைத்தியர் 1930களில் வகுத்துக் கூறிய மெல்லிய கோடுகள், சுவாசப்பையின் இடைச்சுவர்கள் நீரேறித் தடித்திருப்பதைக் காட்டும் குறிகள் என்று பின்னர் அறியப்பட்டன. ஆயினும் எக்ஸ்-கதிர்ப் படமும் முழு நம்பிக்கைக்கு உரியதாக அமையவில்லை. அமெரிக்க வைத்தியசாலைகளில் இருதயத் தளர்ச்சி மிகுந்து சேர்க்கப்பட்டவர்களின் பெரும் பதிவேடு ஒன்றை ஆராய்ந்தோர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு முதற் படத்தில் நீர்த்தேக்கத்தின் அடையாளம் எதுவும் காணப்படவில்லை. மேலும், ஒரு நோயாளிக்கு நாள்தோறும் பலமுறை கதிர்ப்படம் எடுத்துக்கொண்டிருத்தலும் தகாது.

இருதயத்தின் உள்ளேயே சென்று அழுத்தத்தை அளந்தால் என்ன என்ற எண்ணமும் எழுந்தது. 1929 ஆம் ஆண்டில் வேர்னர் போர்ஸ்மான் என்னும் இளம் ஜேர்மனிய வைத்தியர், தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தம் இருதயம்வரை தாமே செலுத்தி, நடந்து சென்று எக்ஸ்-கதிர்ப் படமும் எடுத்துக்கொண்டார். அத்துணிவுக்கு 1956 ஆம் ஆண்டில் நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. 1970 ஆம் ஆண்டில் சுவான், கான்ஸ் என்னும் இருவரும் அவர்தம் துணைவரும், நுனியிற் சிறு பலூன் பொருந்திய குழாயை உருவாக்கினர். இரத்த ஓட்டமே அதனைச் சுவாசப்பை நாளத்துக்கு இட்டுச் சென்றது. அங்குள்ள அழுத்தம் எண்ணாகத் தெரிந்தது.

அந்த எண் ஒரு கசப்பான உண்மையை வெளிப்படுத்தியது. 1989 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வெளியான ஆய்வொன்றில், நாட்பட்ட இருதயத் தளர்ச்சி உடையோரிற் சுவாசப்பை நாளங்களின் அழுத்தம் மிக உயர்ந்திருந்த 43 பேர் கவனமாகப் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 18 பேரிடம் மார்பில் நொறுங்கொலியும் இல்லை. காலில் வீக்கமும் இல்லை. கழுத்து நாளம் புடைத்திருக்கவும் இல்லை. அனுபவமிக்க வைத்தியரின் கண்ணுக்கும் செவிக்கும் விரலுக்கும் எட்டாமல் நோய் அவர்களுள் மறைந்திருந்தது. அப்படிப்பட்டவர் 'தேறிவிட்டார்' என்ற சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்படுவார். சில வாரங்களின் பின் நடுச்சாமத்தில் மூச்சுத் திணறலோடு திரும்பக் கொண்டுவரப்படுவார். இருதயத் தளர்ச்சி நோயாளரின் வாழ்வில் மீண்டும் மீண்டும் நிகழும் துயரம் இதுவே. அக்குழாயையே எல்லோருக்கும் செலுத்தலாமே என்று கருதியவர்களுக்கு 2005 ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. 433 நோயாளரிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில், குழாயின் அளவீட்டைக் கொண்டு சிகிச்சை பெற்றோர் மற்றையோரிலும் நீண்ட நாள் உயிரோடு வீட்டில் வாழ்ந்தார்கள் என்று நிறுவப்படவில்லை. குழாயினால் விளைந்த இடர்களோ கூடின. ஆகவே, உடலைத் துளையாமலும் கதிரைப் பாய்ச்சாமலும் வேண்டியபோதெல்லாம் செய்யத்தக்க வழியொன்று தேவையாயிற்று.

அவ்வழி ஒலியின் மூலமாகவே வந்தது. மனிதச் செவிக்கு எட்டாத மிகுந்த அதிர்வுடைய ஒலியைக் கழியொலி என்பர். மக்கள் 'ஸ்கேன்' என்று வழங்கும் பரிசோதனைகளுள் ஒன்று இதனைக் கொண்டு நடைபெறுவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி, கண்ணை இழந்த வௌவால்கள் இருளிலே தடையின்றிப் பறப்பதையும், செவி அடைக்கப்பட்டவை மோதித் தடுமாறுவதையும் அறிந்து வியந்தார். 1880 ஆம் ஆண்டில் பிரான்சிய சகோதரர்களான யாக் கியூரியும் பியர் கியூரியும், சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின் தோன்றும் என்று கண்டனர். அதன் மறுதலையாக, மின்னைச் செலுத்தினால் பளிங்கு அதிர்ந்து ஒலியை எழுப்பும். 1912 ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியதும், அதன்பின் மூண்ட முதலாம் உலகப்போரில் நீர்மூழ்கிகள் விளைத்த அழிவும், கடலினுள் ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருளை அறியும் ஆய்வைத் தூண்டின. பிரான்சிய விஞ்ஞானி லாஞ்செவின் பளிங்கைக் கொண்டு அத்தகைய கருவியை அமைத்தார். பின்னர் உலோகங்களில் உள்ள வெடிப்புக்களைக் கண்டறியவும் அவ்வொலி பயன்பட்டது.

தொழிற்சாலையிலிருந்த கருவி வைத்தியசாலைக்கு வந்த விதம் சுவையானது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் இருதய வைத்தியர் இங்கே எட்லர், இருதயத்தைப் புறத்திலிருந்து ஆராயும் வழியைத் தேடினார். பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹேர்ட்ஸ், மால்மோ நகர்க் கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறைகளைக் கண்டறியும் கருவியைத் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். இருதயத்தின் அசைவு எதிரொலியாகத் தெரிந்தது. 1953 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இருவரும் உயிருள்ள மனித இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். ஸ்கொத்லாந்தில் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் கொதிகலன் தொழிற்சாலையொன்றுக்கு எடுத்துச் சென்று அங்கிருந்த கருவியால் ஆராய்ந்தார். 1958 ஆம் ஆண்டில் வயிற்றுக் கட்டிகளையும் கருவையும் பற்றிய தம் முடிவுகளை வெளியிட்டார். அடுத்த நாற்பது ஆண்டுகளிற் கழியொலி உடலின் மிகப் பல உறுப்புக்களையும் சென்றடைந்தது.

சுவாசப்பை மட்டும் விலக்காக நின்றது. காரணம் எளிது. ஒலி இழையத்திலிருந்து காற்றுக்குச் செல்லும் எல்லையில், ஏறத்தாழ முழுவதும் திருப்பி எறியப்படுகின்றது. சுவாசப்பையோ காற்றால் நிறைந்த உறுப்பு. ஆகவே கருவியின் திரையில் சுவாசப்பையின் உருவம் தோன்றாது. சில கோடுகளும் கலங்கலுமே தோன்றும். அவற்றைக் கருவியின் பொய்த்தோற்றம் என்று ஒதுக்கினர். சுவாசப்பைக்கு இப்பரிசோதனை உதவாது என்பதே பாடநூல்களின் முடிபாக இருந்தது.

அம்முடிபை ஏற்காது நின்றவர் டானியல் லிக்டென்ஸ்டைன் என்னும் பிரான்சிய வைத்தியர். பாரிஸ் நகரை அடுத்த வைத்தியசாலை ஒன்றில், உயிராபத்தான நோயாளரைப் பேணும் பிரிவிற் பணியாற்றிய அவர், அங்கே படுத்திருப்போரின் மார்பில் கழியொலிக் கருவியை வைத்து, பயனற்றவை எனப்பட்ட அந்தக் கோடுகளை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார். கோடுகள் எல்லாருக்கும் ஒரே வகையாக இல்லை என்பதை உணர்ந்தார். காற்று நிறைந்த நல்ல சுவாசப்பையில், அதனைப் போர்த்த மெல்லிய உறையின் எதிரொலி, படிக்கட்டுப் போலக் கிடைக்கோடுகளாகச் சம இடைவெளியில் மீளமீளத் தோன்றியது. நீர் ஊறிய சுவாசப்பையிலோ, உறையின் கோட்டிலிருந்து புறப்பட்டுத் திரையின் அடிவரை நேரே இறங்கும் ஒளிமிக்க நெடுங்கோடுகள் தோன்றின. மூச்சோடு அவையும் அசைந்தன. கிடைக்கோடுகளை அழித்துக்கொண்டு இறங்கின. முன்னையவற்றை ஏ-கோடுகள் என்றும் பின்னையவற்றை பீ-கோடுகள் என்றும் வழங்கலாயினர்.

பீ-கோடு தோன்றும் காரணத்தைச் சுருங்கச் சொல்லலாம். காற்றும் நீரும் அருகருகே நுண்ணிய அளவிற் கலந்து கிடக்குமிடத்தில், ஒலி அவற்றினிடையே சிக்கி, மீண்டும் மீண்டும் சிறு சிறு எதிரொலிகளைத் திருப்பியனுப்புகின்றது. தாமதித்து வரும் எதிரொலியை ஆழத்திலிருந்து வருவதாகக் கருவி கொள்ளுவதால், அது நெடுங்கோடாக வரைந்துவிடுகின்றது. கோடு பொய்யானதே, அதனைத் தோற்றுவித்த நீர் மெய்யானது. 1997 ஆம் ஆண்டில் 250 நோயாளரிடம் கண்ட முடிவுகளை லிக்டென்ஸ்டைனும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். 2008 ஆம் ஆண்டில், திடீரென மூச்சுத் தளர்ந்து வந்த 260 நோயாளரிடம் இம்முறையைக் கையாண்டு, நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேரில் நோயின் காரணத்தைச் சரியாகக் கண்டறியலாம் எனக் காட்டினர்.

இத்தாலியின் பிசா நகர ஆய்வாளர்கள் 2004 ஆம் ஆண்டில் இக்கோடுகளை எண்ணிக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். மார்பின் முன்புறத்திலும் பக்கங்களிலும் 28 இடங்களில் கருவியை வைத்து, ஒவ்வோரிடத்திலும் தோன்றும் கோடுகளைக் கூட்டினர். அக்கூட்டுத்தொகை, சுவாசப்பையிற் கோத்த நீரின் அளவைத் தழுவி ஏறியிறங்கியது. 2009 ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இயந்திரத்தால் நீர் அகற்றப்படும்போது, அச்சிகிச்சை நடந்துகொண்டிருக்கையிலேயே பீ-கோடுகள் குறைவதைக் காட்டியது. குடத்தில் நீர் குறைவது வெளியிலிருந்தே தெரியத் தொடங்கியது. 2012 ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர் கூடிப் பொது விதிகளை வகுத்தனர். விலா எலும்புகளின் இடைவெளி ஒன்றில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பீ-கோடுகள் தோன்றினால் அதனைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

நீரைக் காண முடியும் என்பது ஒன்று; கண்டதனால் நோயாளி நலம் பெறுவார் என்பது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னது தானாகவே விளைந்துவிடும் என்று கொள்வது தவறு என்பதை அந்த இருதயக் குழாயின் கதையே கற்பித்திருந்தது. ஆதலால் நேர்மையான பரிசோதனைகள் வேண்டப்பட்டன. ஸ்பெயின் நாட்டு பார்சலோனா நகரில், இருதயத் தளர்ச்சியால் வைத்தியசாலையிலிருந்து மீண்ட 123 பேரை இரு கூட்டமாகப் பிரித்தனர். இரு கூட்டத்தாரும் ஆறுமாத காலம் ஒழுங்காக வைத்தியரைக் கண்டனர். ஒரு கூட்டத்தாருக்குச் சுவாசப்பையின் கழியொலிப் பரிசோதனையைக் கண்டு மருந்தின் அளவு மாற்றப்பட்டது. மற்றக் கூட்டத்தாருக்குப் பழைய முறைப்படியே மாற்றப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பழைய முறையில் நூற்றுக்கு நாற்பது பேர், நோய் மீண்டு அவசரமாக வைத்தியரை நாடவோ, வைத்தியசாலையிற் சேரவோ, உயிரிழக்கவோ நேர்ந்தது. புதிய முறையில் அத்தொகை நூற்றுக்கு இருபத்துமூன்றாகக் குறைந்தது. 2020 ஆம் ஆண்டில் மெக்சிக்கோ நகரிலிருந்து 126 நோயாளரைக் கொண்டு வெளியான பரிசோதனையும் இதனையொத்த பயனையே காட்டியது.

எனினும் இப்பயன் எத்தகையது என்பதை மறைத்தல் ஆகாது. இரு பரிசோதனைகளிலும் குறைந்தது பெரும்பாலும் அவசர வருகைகளே. இறப்புக் குறைந்தது என்று அவற்றால் நிறுவ முடியவில்லை. நோயாளரின் தொகையும் சிறியது. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 130 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2021 ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனையோ வேறு விடை தந்தது. முதல் ஆறு மணி நேரத்துள் பீ-கோடுகளைக் குறித்த எண்ணுக்குக் குறைக்கும் நோக்கத்தோடு மருந்தை ஏற்றியும், அந்த நேர அளவில் இரு கூட்டத்தாருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. வீட்டுக்குச் சென்றபின் பல மாதங்களில் மெல்ல ஊறும் நீரைக் கண்காணிப்பதற்கு உதவும் கருவி, பெருக்கெடுத்து வந்த நீரைச் சில மணி நேரத்தில் வடிப்பதற்கும் அவ்வாறே உதவும் என்று கொள்வதற்கில்லை.

கருவியின் குறைகளையும் அறிதல் நன்று. பீ-கோடு நீரின் தனிக் குறி அன்று. சுவாசப்பை அழற்சியிலும், இழையம் தடித்து இறுகும் நோயிலும் அது தோன்றும். 2020 ஆம் ஆண்டில் உலகைப் பீடித்த கொவிட் நோயிலும் அது பரவலாகக் காணப்பட்டது. ஆதலால், கோட்டைக் கண்டதும் சிறுநீர் பெருக்கும் மருந்தை எடுப்பவர் தவறிழைக்கக்கூடும். கோடுகள் இரு புறமும் ஒத்துள்ளனவா, உறையின் விளிம்பு சீராக இருக்கின்றதா, நோயாளியின் வரலாறு என்ன என்றெல்லாம் கூட்டியெண்ணுதல் வேண்டும். கருவி கோட்டைக் காட்டும்; அதன் பொருளைக் கூறுவது வைத்தியரின் அறிவே.

இக்குறைகளுக்கிடையேயும் அதன் சிறப்புக் குறையவில்லை. சில நிமிடங்களில், நோயாளியின் படுக்கையருகிலேயே இப்பரிசோதனை முடியும். கதிரின் தீங்கு இல்லை. கருவிகள் இந்நூற்றாண்டிற் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. குறுகிய பயிற்சி பெற்ற தாதியரும் இதனைச் செய்யலாம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெருநகரங்களுக்கு அப்பால், எக்ஸ்-கதிர்ப் பொறியும் இருதய நிபுணரும் எளிதிற் கிட்டாத சிறு வைத்தியசாலைகளுக்கு இது பெரும் ஆறுதலாகும்.

இவ்வரலாற்றைத் திரும்பி நோக்குவோர் இரண்டு உண்மைகளைக் காண்பர். முதலாவது, ஔவென்புறுக்கரின் விரலும், லெனெக்கின் தாட்குழலும், லிக்டென்ஸ்டைனின் கருவியும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. மார்பைத் தட்டியவரும் உள்ளே ஒலியை எழுப்பி, அது கொண்டுவந்த செய்தியையே கேட்டார். கழியொலிக் கருவியும் அதையே செய்கின்றது. செவிக்கு எட்டாத ஒலியைக் கண்ணுக்குக் காட்டுவது மட்டுமே புதுமை. புதியது பழையதை அழித்துவிட்டது என்று எண்ணுவோர், அந்த விடுதிக்காரரின் பீப்பாவை நினைத்துக்கொள்ளல் தகும்.

இரண்டாவது, உதவாதது என்று பலர் ஒதுக்கிய ஒன்றை ஒருவர் பொறுமையோடு கவனித்ததினாலேயே இவ்வறிவு கிட்டியது. கோடுகள் எத்தனையோ ஆண்டுகளாகத் திரையில் தோன்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தவர் பலர். கேள்வி கேட்டவர் சிலரே. பாடநூலில் எழுதப்பட்டிருப்பது முடிந்த முடிபு அன்று என்று கற்கும் மாணவனே நாளைய நோயாளியின் துயரைக் குறைப்பான். இருதயத் தளர்ச்சி முற்றாகத் தீர்க்கத்தக்க நோயாக இன்னும் ஆகிவிடவில்லை. ஆயினும், மார்பில் ஊறும் நீரை அது பெருகுமுன்னரே கண்டு, மருந்தைச் சற்றே திருத்தி, நோயாளர் ஒருவரை இரவு முழுவதும் சாளரத்தருகே அமர்ந்திராமல் படுத்து உறங்கச் செய்ய முடியுமாயின், இருநூற்றைம்பது ஆண்டு முயற்சி வீண்போகவில்லை என்றே கொள்ளலாம்.